நீர் புகும் வழி

நுழையும்முன்

நீரில் மிதப்பதற்கென்றே கட்டப்படுவது படகு. அதன் உட்புறத்தில் நீர் சேரத் தொடங்கினால், இறைத்து ஊற்றுவது எவர்க்கும் தோன்றும் முதல் வேலை. அந்நீர் எவ்வழியாக உள்ளே வந்தது என்று தேடுவது அடுத்த வேலை. முதல் வேலை அன்றைய பயணத்தைக் காக்கும். இரண்டாவது செய்யப்படாதவரை மறுநாள் பயணம் ஐயத்துக்குரியதே. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைப் படகுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கசிவின் தோற்றுவாயைத் தேடிக் காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மணலே துறை

கோவளத்தில் தொடங்கி நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் எனத் தெற்கே பாலாற்று முகத்துவாரம்வரை நீளும் கரையில் மீனவர் குப்பங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2019ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது, இக்கரை அதன் கிழக்கெல்லை ஆயிற்று. சென்னைக் காசிமேட்டில் உள்ளதுபோல விசைப்படகுகள் அணைந்து நிற்கும் பெரிய துறைமுகம் இங்கில்லை. மணலே துறை. விடியலுக்கு முன் படகை மணலிலிருந்து தள்ளி அலையைக் கடத்துவர். திரும்பியதும் ஆள்பலத்தாலோ டிராக்டராலோ மீண்டும் மணலுக்கு இழுப்பர்.

இன்று இங்குப் பெரிதும் காணப்படுவது ஏறத்தாழ 28 முதல் 32 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. மீனவர் வழக்கில் அது 'ஃபைபர்'. மூன்று நான்கு பேர் அதில் செல்வர். வலை, பனிக்கட்டிப் பெட்டி, எரிபொருள் கேன், பின்புறம் எந்திரம் ஆகியவற்றோடு புறப்படும் அப்படகின் பக்கச்சுவர் கடல்மட்டத்துக்கு மேல் அதிக உயரம் நிற்பதில்லை. எனவே உள்ளே சேரும் ஒவ்வொரு குடம் நீரும் அந்த உயரத்தைச் சிறிது சிறிதாகத் தின்கிறது.

ஒழுகாத மரமும் ஒழுகிய படகும்

இக்கரையின் முன்னைய கலமாகிய கட்டுமரத்துக்கு 'ஒழுக்கு' என்னும் சிக்கலே கிடையாது. எடை குறைந்த மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய அக்கலத்தில் உட்புறம் என்று ஒன்றில்லை. அலைநீர் இடுக்குகள் வழியே ஏறும், அவ்வழியே இறங்கிவிடும். ஆங்கிலக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிடுகிறார். அச்சொல் ஆங்கிலத்தில் நிலைத்து, இன்று இரட்டை உடல் கொண்ட கலங்களுக்கெல்லாம் பெயராகிவிட்டது. கட்டுமரத்துக்கும் நீர் பகையே; ஆனால் அது மரத்துக்குள் ஊறும் நீர். ஊறிய மரம் கனக்கும். ஆகவே கரைக்கு வந்தவுடன் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்தினர். கலத்தையே பிரித்துப் பார்க்கும் வசதி அன்று இருந்தது.

பலகைப் படகுக்கு அந்த வசதி இல்லை. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், ஆழ்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னை நார்க்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலையில் மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நெகிழ்ச்சிக்கு விலையாகத் தையல் வழியே நீர் கசியும்; இறைப்பதும் படகோட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய கலங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

ஆணி அடித்த மரப்படகுகளில் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அறைந்து செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த கலவையைப் பூசுவர். இவ்வேலையைக் கலப்பற்று என்பர். மரப்படகுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. பல நாள் வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி இடுக்கு விரியும். கடலில் இறக்கிய முதல் நாள் நன்றாக ஒழுகும். நீரில் ஊறியதும் பலகை பருத்து இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். 'இரண்டு நாளில் தானே நின்றுவிடும்' என்று மூத்தவர்கள் சொன்னால் அது மரப்படகைப் பொறுத்தவரை பட்டறிவு. அதே சொல்லைக் கண்ணாடியிழைப் படகுக்குச் சொல்வது ஆபத்து. கண்ணாடியிழை ஊறிப் பருத்துத் தன் விரிசலை மூடுவதில்லை. ஒவ்வோர் அலையடியிலும் விரிசல் நீளவே செய்யும்.

தெரிந்து தெளிவோம்

சீனாவின் குவான்சூ துறைமுகத்தருகே 1974ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட சோங் காலக் கப்பலின் உட்பகுதி, 12 தடுப்புச் சுவர்களால் 13 அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது என்பது ஒரு பயன். எந்த அறையில் நீர் நிற்கிறதோ அந்த அறையில்தான் பழுது என்று தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது மற்றொரு பயன். இதே குவான்சூவில்தான் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையெங்கும் கட்டுமரங்களையும் படகுகளையும் நொறுக்கியது. வாழ்வாதாரத்தை விரைந்து மீட்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் படகுகளை வழங்கின. கண்ணாடியிழைப் படகுகள் மிகப் பெரும் எண்ணிக்கையில் குறுகிய காலத்தில் கட்டப்பட்டன. அவசரத்தில் உருவான படகுகளின் தரத்தைப் பற்றி ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் அப்போதே கவலை தெரிவித்தன.

அக்கவலையின் காரணத்தைப் புரிந்துகொள்ள, இப்படகு உருவாகும் விதத்தை அறியவேண்டும். அச்சின்மேல் முதலில் வழவழப்பான மேற்பூச்சு இடப்படும். அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்து, ரெசின் என்னும் பிசினால் நனைத்து, உருளையால் காற்றை வெளியேற்றுவர். இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்து இறுகியதே படகின் உடல். பாய் ஈரமாக இருந்தாலோ, பிசின் எல்லா இழைகளையும் நனைக்காவிட்டாலோ, காற்றுக்குமிழ் உள்ளே தங்கினாலோ, அடுக்குகளின் எண்ணிக்கை குறைந்தாலோ அன்றைக்கு எதுவும் தெரியாது. மேற்பூச்சு பளபளக்கும். அதற்குப் பின்னால் மறைந்துள்ள குறை, மணலும் அலையும் படகைத் தேய்த்த பிறகே நீராக வெளிப்படும். கட்டியவரின் கவனக்குறைவுக்கு ஓட்டுபவர் விலை கொடுக்கிறார்.

ஒரு சென்டிமீட்டர் துளை

நீர்மட்டத்துக்குக் கீழே 30 செ.மீ. ஆழத்தில், 1 செ.மீ. விட்டமுள்ள ஒரு துளை இருப்பதாகக் கொள்வோம். சுண்டுவிரல் நுனியால் அடைத்துவிடலாம் போன்ற துளைதான். அதன் வழியே நீர் நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். துளையில் நீர்த்தாரை குறுகுவதைக் கழித்துக் கணக்கிட்டாலும் நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர், மணிக்கு 400 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். அது வளர்ந்த ஆட்கள் அறுவரின் எடை. துளையின் விட்டம் இருமடங்கானால் நீர்வரத்து நான்கு மடங்காகும். ஆழம் இருமடங்கானால் வரத்து ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. துளை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைவிட அது எவ்வளவு பெரியது என்பதே முதன்மையானது.

உள்நீரின் மட்டம் வெளிநீரின் மட்டத்தை நெருங்க நெருங்க, இரண்டுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு குறைந்து வரத்தின் வேகமும் குறையும். நீர் ஏறுவது மெதுவானதைக் கண்டு 'ஒழுக்கு அடங்கிவிட்டது' என்று எண்ணுவது இதனால்தான். இறைத்தவுடன் அழுத்த வேறுபாடு மீண்டும் பெருகும்; நீர் பழைய வேகத்தில் நுழையும்.

எடை மட்டுமே இடர் என்று கருதிவிடக் கூடாது. அகன்ற தாம்பாளத்தில் நீரை ஊற்றி ஏந்திக்கொண்டு நடந்து பார்த்தால் மற்றோர் இடர் விளங்கும். சிறிது சாய்ந்ததும் நீர் முழுவதும் சாய்ந்த பக்கம் ஓடுகிறது. ஓடிய நீர் மேலும் சாய்க்கிறது. படகிலும் இதுவே நிகழும். அலை ஒரு பக்கம் தூக்கும்போது உள்நீர் மறுபக்கம் குவிந்து, படகு நிமிரவிடாமல் அழுத்தும். வலை இழுக்க மூவரும் ஒரே பக்கம் நிற்கும் நேரமாயின் சொல்லவேண்டியதில்லை. கணுக்காலளவு நீர்தானே என்று விட்டுவிடக் கூடாததன் காரணம் இதுவே.

தேங்கும் இடமும் புகும் இடமும்

ஒழுகும் மெத்தைவீட்டை அறிந்தவர்க்கு இத்தேடலின் முதல் பாடம் எளிது. கூடத்தின் நடுவில் சொட்டும் நீர், தளத்தின் மூலையில் உள்ள விரிசலில் நுழைந்து கம்பி வழியாக ஓடி வந்திருக்கலாம். படகில் எந்திரத்தின் எடை பின்புறம் இருப்பதால் அப்பகுதி தாழ்ந்திருக்கும். எங்கே புகுந்த நீரும் அங்கேதான் வந்து தேங்கும். பின்புறத்தில் நீரைக் கண்டு பின்புறத்தையே பூசிக்கொண்டிருப்பவர் பிசினை வீணாக்குகிறார். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்துத் தந்த வரிசை படகைப் பழுது பார்ப்பவர்க்கும் உரியது.

முதற்கேள்வி, அது கடல்நீர்தானா என்பது. விரலால் தொட்டு நாவில் வைத்தால் போதும். உப்பில்லையெனில் அது மழைநீர், உருகிய பனிக்கட்டி, கவிழ்ந்த குடிநீர் ஆகியவற்றில் ஒன்று. உப்பு இருப்பதனாலேயே படகு ஒழுகுகிறது என்றும் முடிவு கட்டலாகாது. நனைந்த வலையோடு உள்ளே வரும் நீர் சிறிதன்று. கரையலையைக் கடக்கும்போது தெறிக்கும் நீரும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய வழி ஒன்றுதான். படகைத் துடைத்து உலர்த்தி, வலையின்றிக் கடலில் இறக்கி, அமைதியான நீரில் நிறுத்தவேண்டும். ஓர் அளவுக்குச்சியைத் தாழ்ந்த இடத்தில் ஊன்றி, ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறியது எனக் குறிக்கவேண்டும். நின்ற நிலையில் ஏறாத நீர் எந்திரம் ஓடும்போது ஏறுமாயின், எந்திரம் பொருத்திய பின்பலகையின் திருகாணித் துளைகளே முதல் ஐயத்துக்குரியவை. எந்திரத்தின் அதிர்வும் உந்துதலும் அப்பலகையை ஓயாமல் அசைக்கின்றன. வெறும் படகில் வராத நீர் பாரம் ஏற்றியபின் வந்தால், பழுது வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. பாரத்தால் படகு தாழும்போது அது நீருக்குள் போகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக வடிகால் துளையின் தக்கையைப் பார்த்துவிடவேண்டும். தேய்ந்த தக்கைக்காகப் படகு முழுவதையும் சுரண்டிய கதைகள் எந்தக் கரையிலும் கிடைக்கும்.

அடுத்த தேடல் கரையில். படகை மரக்கட்டைகளின்மேல் அடிப்புறம் தெரியுமாறு பல இடங்களில் தாங்கி நிறுத்தி, உட்புறத்தில் நீரை ஊற்றி, வெளியே எங்குச் சொட்டுகிறது என்று பார்ப்பர். உள்ளே வந்த வழியே வெளியே போகும் என்பது இதன் அடிப்படை. பகுதி பகுதியாக, நான்கு விரற்கடை உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றவேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. உயரம் நிற்கும் நீரின் எடை 100 கிலோகிராம். கரையில் வெளிநீரின் தாங்குதல் இல்லாத படகு அப்பாரத்தால் வளையக்கூடும். அடியில் ஈரம் தோன்றிய இடத்தைக் கரித்துண்டால் வட்டமிட்டுவிட்டு, அது பரவுவதற்குள் அதன் மேல்முனையைக் காணவேண்டும். நீர் கீழ்நோக்கி ஓடுவதால், துளை எப்போதும் ஈரத்தடத்தின் மேல்முனையில்தான் இருக்கும்.

சில விரிசல்கள் வெளியழுத்தத்துக்கு மட்டுமே திறக்கும். உள்ளிருந்து ஊற்றினால் மூடிக்கொள்ளும். அவற்றுக்கு வேறு வழி உண்டு. உட்புறத்தை நன்கு உலர்த்தி, முகப்பூச்சு மாவையோ சுண்ணாம்புப் பொடியையோ மெல்லத் தூவிப் படகைக் கடலில் இறக்கினால், நீர் புகும் இடத்தில் பொடி நனைந்து தடம் தெரியும்.

மிகவும் கடினமானது மறைவறை ஒழுக்கு. கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்கும்பொருட்டு, இப்படகுகளில் மேல்தளத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையே மூடிய அறைகள் அமைத்துத் தெர்மாகோல் போன்ற மிதவைப் பொருளை அடைப்பர். அவ்வறைக்குள் நீர் நுழைந்தால் கண்ணுக்குப் புலப்படாது; இறைக்கவும் முடியாது. நேற்று எட்டுப்பேர் இழுத்த படகை இன்று பத்துப்பேர் இழுக்கவேண்டியிருப்பதே அதன் அறிகுறி. அலையில் படகு சோம்பலாக எழும். பக்கச்சுவரில் பாசிக்கோடு வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கும். மரக்கைப்பிடியால் தட்டிக் கேட்டால், நன்றாக இறுகிய இடம் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடமும் நீர் தேங்கிய இடமும் மந்தமாகவும் ஒலிக்கும். சந்தையில் தட்டிப் பார்த்துப் பானை வாங்குவோர் செய்வதும் இதையே.

மறைவறையின் ஒழுக்கைக் காண மிதிவண்டிக் கடையின் உத்தி உதவும். பஞ்சர் ஒட்டுபவர் காற்றடைத்த டியூபை நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் குறிக்கிறார். படகை அமிழ்த்த முடியாது. ஆகவே அறையின் வடிகாலில் கைப்பம்பைப் பொருத்தி மிக மெதுவாகக் காற்றைச் செலுத்தி, வெளிப்புறமெங்கும் சோப்பு நீரைத் தடவுவர். நுரை பொங்கும் இடம் பழுது. காற்றை மிகுதியாக அடைத்தால் தளமே பிரிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நீர் செல்கிறதா என்று காணவேண்டுமாயின், துணிக்கு இடும் சொட்டுநீலத்தை ஒன்றில் கலந்துவிட்டு மற்றொன்றில் நிறம் தோன்றுகிறதா எனப் பார்க்கலாம்.

இக்கரையில் தேடலைத் தொடங்க ஏற்ற இடம், படகின் முதுகெலும்பு போல நீளும் 'எரா' என்னும் அடிக்கட்டையும் அதன் பின்முனையுமாகும். ஒவ்வொரு நாளும் இருமுறை மணலில் உராய்வது அப்பகுதிதான். மாமல்லபுரத்தை ஒட்டிய கடலில் அமிழ்ந்துள்ள பாறைகளும் உண்டு. 2002ஆம் ஆண்டு தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் மூழ்குநர்கள் கட்டட எச்சங்களைத் தேடி ஆராய்ந்த அதே கடற்பகுதியில், வலை விரிப்பவர் பாறையில் உரசாமல் செல்லும் வழியையும் அறிந்திருக்கவேண்டும்.

கடல்நடுவில்

கடலில் இருக்கும்போதே நீர் ஏறினால் முறையான தேடலுக்கு நேரமில்லை. உயிர்காப்புச் சட்டையை அணிந்துகொண்டு, ஒருவர் இடைவிடாமல் இறைக்க, மற்றவர் தக்கையையும் பின்பலகையையும் பார்க்கவேண்டும். துளை தெரிந்தால் துணி சுற்றிய மர ஆப்பைச் செருகலாம். பாரத்தை மறுபக்கம் நகர்த்தினால் நீர்மட்டத்தை ஒட்டிய துளை மேலே எழுந்துவிடக்கூடும். வரத்து இறைப்பை மிஞ்சுமாயின் பிடித்த மீனையும் கடலில் விடத்தான் வேண்டும். வலையையும் விடவேண்டி வரலாம். ஒரு பருவத்தின் கடனை அதில் முதலாக்கியவர்க்கு அது எளிய முடிவன்று. இந்தியக் கடலோரக் காவல்படையின் கடல்மீட்பு உதவி எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. அலைபேசித் தொடர்பு எட்டும் தொலைவிலேயே அழைத்துவிடுவது நன்று.

கரைக்கு வந்தபின் செய்யும் பழுதுபார்ப்பில் விரைவு கூடாது. ஈரத்தின்மேல் பிசின் ஒட்டாது. விரிசலைச் சுற்றிக் கைப்பிடி அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, நன்னீரால் உப்பைக் கழுவி, முழுவதும் உலரவிட்டு, பின்னரே புதிய இழைப்பாயை அடுக்கவேண்டும். கடைகளில் கிடைக்கும் ஒட்டுக்கலவையை மேலே அப்பிவிட்டு அன்று மாலையே கடலுக்குச் செல்வோர் உண்டு. படகு ஒரு நாள் கரையில் கிடந்தால் நான்கு வீடுகளில் வருவாய் இல்லை என்னும் நிலையில் அவர்களைக் குறைகூறுவது எளிது. ஒப்பிய கலவை அலையடியில் பெயர்வதும் அதைவிட எளிது.

அடைத்த இடம் இறுகியதும் மீண்டும் உள்ளே நீரை ஊற்றிப் பார்க்கவேண்டும். பெரிய ஒழுக்கு நின்றபின்னரே, அதன் ஈரத்தில் மறைந்திருந்த சிறிய ஒழுக்கு கண்ணுக்குத் தெரியும். அதையும் கரியால் வட்டமிட்டு அடைத்தபின், படகைக் கடலில் இறக்கி, முன்பு குறித்த அதே அளவுக்குச்சியை அதே இடத்தில் ஊன்றி, மீண்டும் ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும்.